தோலா, துணியா? புதுக் காரின் சீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்

புதுக் கார் வாங்க நினைப்பவர்கள் மைலேஜ், ஏர்பேக், சர்வீஸ் செலவு என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசுவார்கள். சீட் விஷயத்தில் மட்டும், டாப் மாடலில் லெதர் வரும், அதற்குக் கீழே துணி வரும் என்று ஷோரூமில் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கார் வீட்டுக்கு வந்த பிறகு நம் உடம்பு அதிக நேரம் தொட்டுக்கொண்டிருப்பது அந்த சீட்டைத்தான். சித்திரை வெயிலில் திருச்சி வரை ஓட்டிப் போகும்போது முதுகு நனைகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வதில் இன்ஜினுக்குப் பங்கில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களில் லெதர் சீட் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது பெரும்பாலும் தோலே அல்ல. அது லெதரெட். பின்னல் துணி ஒன்றின் மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, தோலைப் போன்ற ரேகைகளை அழுத்திப் பதித்திருப்பார்கள். நம் வீடுகளில் ரெக்சின் என்று சொல்கிறோமே, அதே குடும்பம்தான். தரம் மட்டும் பல மடங்கு கூடியிருக்கிறது. இது மலிவுக் கார்களின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். மெர்சிடிஸ் பென்ஸ் எம்பி-டெக்ஸ் என்றும், பிஎம்டபிள்யூ சென்சாடெக் என்றும் பெயர் வைத்து விற்பதும் செயற்கைத் தோல்தான். ஆக நம் முன்னால் இருப்பவை இரண்டு அல்ல, மூன்று: துணி, லெதரெட், உண்மையான தோல்.

எது எது என்று தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். வெட்டுமுனை தெரிந்தால் சுலபம். தோலின் அடிப்பக்கம் நார்நாராக இருக்கும், லெதரெட்டின் அடியில் துணி தெரியும். ஆனால் தைத்து முடித்த சீட்டில் வெட்டுமுனை வெளியே தெரியாது. எனவே கையை நம்புவதைவிட பிரௌஷரை நம்புங்கள். அதில் லெதர் என்று எழுதி நட்சத்திரக் குறி போட்டிருந்தால், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று கட்டாயம் படியுங்கள். உண்மையான தோல் தரும் கார்களிலும், உட்காரும் பகுதியும் முதுகு சாயும் பகுதியும் மட்டும் தோலாக இருந்து, பக்கங்களும் பின்புறமும் லெதரெட்டாக இருப்பது சகஜம்.

மூன்றும் எப்படி உருவாகின்றன

உண்மையான தோலைப் பற்றிப் பேச நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று பச்சைத் தோலைப் பதனிடும் ஊர்கள் நம்மிடமே இருக்கின்றன. சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது. ஒரு காலத்தில் இங்கே ஆவாரம் பட்டையை ஊறவைத்த நீரில் தோலை வாரக்கணக்கில் போட்டுப் பதனிட்டார்கள். இன்று உலகெங்கும் பரவலாக இருப்பது குரோமியம் உப்பால் பதனிடும் முறை. வேலை சீக்கிரம் முடியும், தோலும் மென்மையாக வரும்.

கார் சீட்டுக்குப் போகும் தோல் பதனிட்டதோடு நின்றுவிடுவதில்லை. அதன் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேலே மெல்லிய பாலியூரித்தேன் படலம் என்று அடுக்குகள் உண்டு. வெயிலில் நிறம் வெளுக்காமல், வியர்வை உள்ளே இறங்காமல், ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கினாலும் தேயாமல் இருக்க வேண்டுமே! அதற்காகத்தான் இந்தப் படலம். இதன் விளைவு ஒன்றை நினைவில் வையுங்கள்: கார் சீட்டில் உட்காரும்போது நீங்கள் உண்மையில் தொடுவது தோலை அல்ல, தோலின் மேலிருக்கும் பூச்சைத்தான். தோல் மூச்சு விடும், வியர்வையை இழுத்துக்கொள்ளும் என்றெல்லாம் சொல்வது பூச்சில்லாத தோலுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். பூச்சுப் போட்ட கார் தோலில் அந்த நன்மையில் பெரும்பகுதி அடங்கிப் போகிறது.

லெதரெட்டின் ஆயுள் அதன் பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையவைக்க எண்ணெய் போன்ற சில வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள். வெயிலில் தினமும் சூடேறச் சூடேற அவை மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பிறகு மேற்பரப்பு விறைத்து, மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு கைக்கு இதைவிட மிருதுவாக இருக்கும், ஆனால் அதன் எதிரி ஈரப்பதம். காற்றில் உள்ள ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கின் பிணைப்பை வருடக்கணக்கில் அரித்து, ஒரு நாள் செதில் செதிலாக உரியவைக்கும். பழைய செயற்கைத் தோல் சோபாவோ கைப்பையோ வீட்டில் உரிந்து கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கார் நிறுவனங்கள் தரும் லெதரெட் இதற்கெல்லாம் சோதிக்கப்பட்டது, பல வருடம் தாங்கும். வெளிக்கடையில் மலிவாகப் போடும் உறைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரைக் காற்றில் வாழ்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

துணி சீட்டு பெரும்பாலும் பாலியஸ்டர். நெய்தோ பின்னியோ எடுத்த துணியின் அடியில் மெல்லிய நுரைத் தகடு ஒன்றை ஒட்டி, அதன் பிறகுதான் தைப்பார்கள். பாலியஸ்டர் வெயிலை நன்றாகத் தாங்கும், தேய்மானத்தையும் தாங்கும். துணி என்றவுடன் நம் சட்டை மாதிரி நைந்து போகும் என்று பயப்படத் தேவையில்லை. பத்து வருடம் ஓடிய கார்களில் துணி சீட் அழுக்கேறி இருக்குமே தவிர, கிழிந்திருப்பது அபூர்வம்.

துணி தாழ்ந்ததா?

இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் துணி சீட் வாங்கியதற்காகச் சங்கடப்படும் பலரைப் பார்க்கிறேன்.

மோட்டார் வாகனங்களின் ஆரம்ப காலத்துப் பெரிய கார்களில் ஓட்டுநர் கூரையில்லாத முன்பகுதியில் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருப்பார். அவருக்குத்தான் தோல் சீட், நனைந்தாலும் துடைத்துவிடலாம் என்பதால். மூடிய பின்பகுதியில் அமரும் முதலாளிக்கு உயர்ந்த கம்பளித் துணி. மதிப்பின் வரிசை அன்று நேர் தலைகீழாக இருந்தது. ஜப்பானில் அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்நாட்டின் பிரதமர்களும் பெரிய நிறுவனத் தலைவர்களும் பயணிக்கும் டொயோட்டா செஞ்சுரி காரில், 2018இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும், கம்பளித் துணிதான் வழக்கமாக வரும் சீட். தோல் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். துணி ஓசை எழுப்பாது, தொட்டவுடன் சுடவும் செய்யாது, குளிரவும் செய்யாது என்பதே அவர்கள் அதை விரும்பும் காரணம்.

நம் நாட்டிலும் ஒரு காட்சி உண்டு. 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடர் கார்களில் ரெக்சின் சீட் பரவலாக இருந்தது. அதிகாரிகளின் கார்களில் அந்த சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். அது பதவியின் அடையாளமாகவே ஆகிவிட்டது என்றாலும், ரெக்சினில் முதுகு ஒட்டாமல் வியர்வையை இழுத்துக்கொள்ளும் வேலையை அந்தத் துண்டு ஒழுங்காகச் செய்தது.

வெயில்தான் பெரிய கேள்வி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நம் ஊர்க் கோடைக்கு அப்படியே பொருந்தும். சுமார் 38 டிகிரி வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களில் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி வரை போனது, சீட் 50 டிகிரியைத் தொட்டது. நிழலில் நிறுத்திய கார்களில் சீட்டின் வெப்பம் 40 டிகிரி அளவில் நின்றது. எந்த சீட் வாங்கினாலும் சரி, நிழல் தேடி நிறுத்துவது பத்து டிகிரி வித்தியாசத்தைத் தரும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஒரே வெப்பத்தில் இருந்தாலும் துணி அவ்வளவாகச் சுடாது, லெதரெட் சுரீரென்று சுடும். காரணம் எளிது. துணியின் இழைகளுக்கு நடுவே காற்று நிறைந்திருக்கிறது. உடம்பு தொடும் பரப்பும் குறைவு, காற்று வெப்பத்தை வேகமாகக் கடத்தவும் செய்யாது. வழவழப்பான லெதரெட் சருமத்தோடு முழுதாக ஒட்டிக்கொள்வதால் சூடு சட்டென்று பாய்கிறது. அரைக்கால் சட்டை போட்ட குழந்தையைப் பிற்பகலில் பள்ளியிலிருந்து அழைத்து வருபவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. நிறமும் சேர்ந்துகொள்ளும். கறுப்பு சீட் வெயிலை அதிகம் உறிஞ்சும். பழுப்பும் வெளிர் சாம்பலும் குறைவாக உறிஞ்சும்.

ஏ.சி. போட்டால் சரியாகிவிடாதா? முகத்துக்கும் கைக்கும் சரியாகும். முதுகுக்கும் தொடைக்கும் அப்படியல்ல, அங்கே ஏ.சி. காற்று போக வழியில்லை. துணியில் வியர்வையின் ஈரம் இழைகளின் ஊடே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். லெதரெட்டில் அது சட்டைக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நீண்ட பயணத்தில் இறங்கும்போது முதுகு ஈரமாக இருப்பது இதனால்தான்.

இதற்கு விடையாக வந்ததே காற்றோட்ட சீட். சீட்டுக்குள் சிறு மின்விசிறி இருக்கும்; மேலுறையில் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும்; அவற்றின் வழியே காற்று ஓடும். 2017இல் வந்த ஹூண்டாய் வெர்னாவுக்குப் பிறகு நம் சந்தையில் இது நடுத்தர விலைக் கார்களுக்கும் வரத் தொடங்கியது. என் கருத்தில், தமிழ்நாட்டு வெயிலுக்கு லெதரெட் வாங்குவதென்றால் இந்த வசதியோடு வாங்குவதே நியாயம். இது இல்லாத லெதரெட் பார்க்க அழகாக இருக்கும், உட்கார வெப்பமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: துளை போட்ட பகுதியில் காபியோ பாலோ கொட்டினால் துளை வழியே உள்ளே இறங்கும். உடனே ஒற்றி எடுக்க வேண்டும், மேலே திரவம் எதையும் தெளிக்கக் கூடாது.

கறையும் பராமரிப்பும்

இந்த இடத்தில் துணி தோற்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பாலும் வாந்தியும் தவிர்க்க முடியாதவை. துணியில் அவை மேலுறையைத் தாண்டி நுரைக்குள் இறங்கிவிட்டால் வாடை போக நாளாகும். லெதரெட்டில் ஈரத் துணியால் ஒரு துடைப்பு போதும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வீடுகளில் துணி ஹெட்ரெஸ்ட் சீக்கிரமே கறுத்துவிடும். அதற்கு மட்டும் கழற்றித் துவைக்கிற மாதிரி சின்ன உறை போட்டுக்கொண்டால் தொல்லை இல்லை. சாம்பார், மஞ்சள், குங்குமம் என்று நம் கறைகளே தனி ரகம். மஞ்சள் கறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எண்ணெய்ப் பசையை சோப்பு நீரால் எடுத்துவிட்டு வெயில் படவிட்டால் நிறம் தானாக மங்கும்.

துணி சீட்டைச் சுத்தம் செய்யும்போது பலர் செய்யும் தவறு, தண்ணீரை வாரி ஊற்றுவது. நுரை குடித்த நீர் மழைக்காலத்தில் காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். வாக்குவம் போட்டுத் தூசியை எடுத்து, நுரைத்துவரும் சோப்பை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, கதவுகளைத் திறந்து காயவிடுங்கள். ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் துணி சீட் இருந்தால் வாக்குவம் அடிக்கடி போட்டே ஆக வேண்டும்.

தோலுக்கும் லெதரெட்டுக்கும் வேறு வகைக் கவனம் வேண்டும். கறுப்பு, நீல ஜீன்ஸின் சாயம் வெளிர்நிற சீட்டில் ஏறும். வாரத்துக்கொரு முறை துடைக்காவிட்டால் நிரந்தரமாகத் தங்கும். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் மேல் படலத்தைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் தடவினால் தோல் பளபளக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; பூச்சுக்கு மேல் அது பிசுக்காகத் தங்கி தூசியைப் பிடிக்கும், அவ்வளவுதான். விலை உயர்ந்த கண்டிஷனர்களும் பூச்சு முழுதாக இருக்கும் தோலுக்குள் அதிகம் இறங்குவதில்லை. மிதமான சோப்பு நீர், நன்றாகப் பிழிந்த மெல்லிய துணி, பிறகு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, இவை போதும்.

பழுது என்று வரும்போது உண்மையான தோல் முன்னே நிற்கிறது. நிறம் போன இடத்தில் மறுபடி பூச்சு ஏற்ற முடியும், சின்ன விரிசலை அடைக்க முடியும். உரிந்த லெதரெட்டை மாற்றத்தான் வேண்டும்.

வெளியே உறை போடலாமா?

துணி சீட் காரை வாங்கிவிட்டு மேலே லெதரெட் உறை போட்டுக்கொள்ளலாம் என்பது நம் ஊரில் மிகப் பழகிய கணக்கு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் அரை நாளில் மாட்டித் தந்துவிடுவார்கள். விலையும் டாப் வேரியன்ட்டுக்குத் தரும் கூடுதல் பணத்தோடு பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் இங்கே ஒரு உயிர் விஷயம் இருக்கிறது.

இன்று பல கார்களில் முன் சீட்டுகளின் வெளிப்பக்க ஓரத்துக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. சீட்டின் அந்த ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிப் பட்டையோ முத்திரையோ தெரியும். பக்கவாட்டில் வண்டி மோதினால், கதவுக்கும் நம் விலாவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பதால், அந்தப் பை கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்தாக வேண்டும். அதற்காக நிறுவனம் சீட்டின் தையலையே அந்த இடத்தில் பிரியும்படி அமைத்திருக்கும். அதன் மேல் தடித்த உறை ஒன்றை இறுக்கி மாட்டினால் பை தாமதமாக விரியலாம், அல்லது தவறான பக்கம் விரியலாம். கடைக்காரர் ஏர்பேக் இடத்தில் தையல் விட்டிருக்கிறோம் என்பார். அந்தத் தையல் எந்த விசையில் பிரியும் என்று சோதித்தார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் முன் சீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் காரின் கையேட்டில் சீட் உறை பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் படியுங்கள். உறை கட்டாயம் வேண்டுமென்றால், அந்தக் காருக்கென்று நிறுவனமே விற்பதை வாங்குவது பாதுகாப்பு. குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளை உறை மறைக்கக் கூடாது என்பதும் முக்கியம்.

சரி, எதை எடுப்பது?

கார் நாள் முழுக்க வெயிலில் நிற்கும், ஓட்டுவது பெரும்பாலும் பெரியவர்கள், காற்றோட்ட சீட்டுக்குப் பட்ஜெட் இல்லை என்றால் துணியைத் தயங்காமல் எடுங்கள். லெதரெட்டுக்காக மட்டும் மேல் வேரியன்ட்டுக்குத் தாவ வேண்டாம். அந்த வேரியன்ட்டோடு கூடுதல் ஏர்பேக் போன்ற பாதுகாப்பு வசதி வந்தால் அது வேறு கணக்கு, அதற்காகத் தாவலாம். வாடகைக்கு ஓட்டும் வண்டி, கைக்குழந்தை இருக்கும் வீடு, நாய் ஏறும் கார் என்றால் லெதரெட்தான் வசதி. நாய் முடி துணிக்குள் பின்னிக்கொண்டு வரவே வராது. லெதரெட்டில் நகம் கிழிக்காமல் ஒரு விரிப்பு போட்டால் போதும்.

முழங்கால் வலி உள்ள வயதான அம்மா அப்பா அடிக்கடி ஏறி இறங்கும் காரில் லெதரெட்டுக்கு இன்னொரு நன்மை உண்டு: உட்கார்ந்து கொண்டு சறுக்கித் திரும்ப முடியும், புடவையும் வேட்டியும் சிக்காது. இதே வழவழப்பு கொடைக்கானல், ஏற்காடு வளைவுகளில் பிடிப்பில்லாமல் ஆட்டம் காட்டும். அங்கே துணிதான் உடம்பைப் பிடித்து வைக்கும்.

மாட்டுத் தோலே வேண்டாம் என்று மனசாட்சிப்படி நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பாலாற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தோல் கழிவு நீர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் பகுதித் தோல் ஆலைகள் வழக்கில் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு திருப்பம். அதே சமயம் லெதரெட்டும் துணியும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக்கே. மூன்றில் எதையும் சுத்தமான கைகளோடு வாங்க முடியாது. எதை வாங்கினாலும் நீண்ட நாள் பயன்படுத்துவது பாரத்தைக் குறைக்கும்.

இதையெல்லாம்விட மேலுறைக்கு அடியில் இருக்கும் நுரையும் சீட்டின் வடிவமும்தான் இடுப்புவலியைத் தீர்மானிக்கும். டெஸ்ட் டிரைவில் ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு இறங்காமல், நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியன்ட்டில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். தொடைக்கு முழங்கால் வரை தாங்கல் கிடைக்கிறதா, இடுப்பின் வளைவில் இடைவெளி விழுகிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் போங்கள்; வெயிலில் நின்ற காரில் ஏறினால்தான் சீட்டின் குணம் தெரியும். பின் சீட்டிலும் வீட்டில் உயரமானவர் ஒருவரை உட்காரவையுங்கள்.

டெலிவரி எடுத்த பிறகு சீட்டின் மேலிருக்கும் பாலித்தீன் உறையை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருப்பது நம்மிடம் பரவலான பழக்கம். அது வியர்வையையும் ஈரத்தையும் உள்ளே அடைத்துப் பூஞ்சைக்கு வழி செய்யும், பக்கவாட்டு ஏர்பேக்கின் மேலும் ஒரு படலமாக நிற்கும். ஷோரூமிலேயே அதைக் கழற்றச் சொல்லுங்கள். தையல் பிரிந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா, இரு முன் சீட்டுகளின் நிறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து, குறை இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.